கூலியும் உடைமையும்: அப்பளத் தொழிலில் மகளிர் கண்ட வழி

சிறு தொழில் தொடங்கி முன்னேற விரும்பும் எளிய மக்களுக்கு மூலதனப் பற்றாக்குறையே முதன்மையான தடை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், மூலதனம் கிடைத்துத் தொழிலும் நடக்கத் தொடங்கிய பின்னர், உழைப்பின் பயன் உழைத்தவரிடமே தங்குகிறதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வீட்டிலிருந்தபடியே உருப்படிக் கூலிக்கு உழைக்கும் பெண்களைப் பொறுத்தவரை, இவ்வினாவே முதன்மையானது. இதற்கு விடை காண உதவும் அனுபவங்களுள் மும்பையில் தோன்றிய ‘ஸ்ரீ மஹிளா கிருஹ உத்யோக் லிஜ்ஜத் பப்பட்’ அமைப்பின் அனுபவம் குறிப்பிடத்தக்கது.

எண்பது ரூபாய்க் கடன்

1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், அன்றைய பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். குஜராத்தி மொழி பேசும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த அவர்களுக்குக் கைவந்த தொழில் சமையல் ஒன்றே. சமூக ஊழியர் சகன்லால் கரம்சி பாரேக் அவர்களிடம் ரூ. 80 கடனாகப் பெற்று, நட்டத்தில் நடந்துவந்த ஒரு சிறு அப்பளத் தொழிலை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். முதல் நாளில் விற்பனைக்குச் சென்றவை நான்கு பொட்டலங்கள். முதல் ஆண்டின் மொத்த விற்பனை ரூ. 6,196.

தொடக்கத்திலேயே இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. நட்டமே வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது ஒன்று. மற்றொன்று, பாரேக் அவர்களின் அறிவுரைப்படி, மலிவானது, உயர்ந்தது என இரு தரங்களில் அப்பளம் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டு ஒரே தரத்தில் நிற்பது. கணக்கு வழக்குகளை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். அறப்பணி என்னும் மனப்பான்மையில் தொடங்கப்பெற்று, கணக்கு எழுதாமையாலேயே மறைந்துபோன மகளிர் தொழில்கள் நம் நாட்டில் பல உண்டு.

முதல் ஆண்டில் மழைக்காலம் வந்ததும் நான்கு மாதங்கள் வேலை நின்றது; வெயில் இன்றி அப்பளம் உலர்வது எங்ஙனம்? மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கப்பட்டன. கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். தொழில்நுட்ப மேம்பாடு என்றவுடன் பெரும் பொறிகளை நினைப்போருக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் எட்டு மாத வருவாயைப் பன்னிரண்டு மாத வருவாயாக்கியது இந்தக் கட்டிலும் அடுப்புமே. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் மழைக்காலத்தில் நிற்பதில்லையன்றோ!

1962-இல் ‘லிஜ்ஜத்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1966-இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி அமைப்பு பதிவு பெற்றது. அதே ஆண்டு கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு இதனைக் கிராமத் தொழிலாக ஏற்று, நடைமுறை மூலதனமாக ரூ. 8 லட்சம் வழங்கியது. வரிச் சலுகைகளும் கிடைத்தன. அரசின் உதவி ஏழாண்டு உழைப்புக்குப் பின்னரே வந்தது என்பதையும், அந்த உதவியின்றி இன்றைய விரிவு எளிதாக இருந்திராது என்பதையும் ஒருசேரக் கூற வேண்டும்.

வேலை வீட்டில், தரம் நடுவத்தில்

அப்பளத் தொழிலில் மாவை உருட்டி இடும் வேலையை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதால் பெரிய சிக்கனம் ஏதுமில்லை. ஒரு பலகையும் குழவியும் உலர்த்த இடமும் இருந்தால் போதும். ஆனால் உளுந்து, மிளகு, பெருங்காயம் ஆகியவற்றை வாங்குவதிலும், மாவைப் பிசைவதிலும், விற்பனை செய்வதிலும் பேரளவின் ஆதாயம் மிகுதி. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே இவ்வமைப்பின் வெற்றிக்கு அடிப்படை எனலாம். மூலப்பொருள்களைத் தலைமையகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து கிளைகளுக்கு அனுப்புகிறது. கிளையில் விடியற்காலையில் மாவு பிசையப்படுகிறது. உறுப்பினர்கள் முதல்நாள் இட்ட அப்பளத்தை ஒப்படைத்து, தரச் சோதனையும் எடையும் முடிந்தபின் கூலி பெற்று, அன்றைய மாவுடன் வீடு திரும்புகின்றனர். ஒருவரை உறுப்பினராகச் சேர்க்கும் முன்னர் அவர் வீட்டில் தூய்மையும் போதிய இடமும் உள்ளனவா என்பது நேரில் பார்க்கப்படுகிறது. விநியோகஸ்தர்கள் சரக்கைப் பெறும்போதே பணம் செலுத்துவதால், அன்றாடக் கூலி அன்றாடம் வழங்க இயலுகிறது.

இங்கு உழைப்போர் அனைவரும் ‘பகினி’, அதாவது சகோதரி, என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்களே உடைமையாளர்கள், இலாப நட்டம் இரண்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. இலாபப் பங்கு சில வேளைகளில் தங்கக் காசாகவும் வழங்கப்பட்டுள்ளது. ஆடவர்கள் கணக்கர், ஓட்டுநர் போன்ற பணிகளில் ஊதியத்துக்கு அமர்த்தப்படலாமேயன்றி உறுப்பினராக இயலாது. எழுவருடன் தொடங்கிய அமைப்பில் இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மகளிர் உள்ளனர். ஆண்டு விற்பனை ரூ. 1,000 கோடியைக் கடந்துவிட்டது. தொடக்க எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பீடித் தொழிலுடன் ஓர் ஒப்பீடு

வெளித்தோற்றத்தில் இதனை ஒத்த மற்றொரு வீட்டுத் தொழில் பீடி சுற்றுதல். மத்தியப் பிரதேசத்தின் சாகர், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், தமிழ்நாட்டின் திருநெல்வேலி, வேலூர் ஆகிய பகுதிகளில் எண்ணற்ற பெண்கள் இதனை நம்பி வாழ்கின்றனர். அங்கும் மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது, வேலை வீட்டில் நடக்கிறது, உருப்படிக்கே கூலி. ஆனால் இலையைக் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். தரத்தை மதிப்பிடுபவரும் அவரே. கொடுத்த இலை போதாமல் தொழிலாளி தம் கைப்பணத்தில் இலை வாங்குவதும், தரம் குறைந்தவை என்று ஒரு பகுதி பீடிகள் கூலியின்றிக் கழிக்கப்படுவதும் நெடுங்காலக் குறைகள். லிஜ்ஜத்திலும் தரம் குறைந்த அப்பளம் ஏற்கப்படுவதில்லை. கண்டிப்பு அங்கும் கடுமையே. ஆயினும் அக்கண்டிப்பால் விளையும் ஆதாயம், கண்டிக்கப்பட்டவருக்கே பங்காகத் திரும்பி வருகிறது.

பீடித் தொழிலாளரைக் காக்க 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதனைக் கேரள அரசு 1968-இல் செயற்படுத்த முற்பட்டபோது, கண்ணூர் வட்டாரத்தில் பெரிய பீடி முதலாளிகள் தொழிலையே மூடிவிட்டனர். சுமார் 12,000 பேர் வேலை இழந்தனர். சட்டம் கூலியை நிர்ணயிக்க முடிந்ததே தவிர, வேலை கொடுப்பவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்நிலையில் 1969-இல் அரசின் துணையோடு தொழிலாளரே அமைத்ததுதான் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். வீட்டு வேலையை விடுத்துப் பொதுக் கூடங்களில் வேலை நடந்தது. சட்டம் கூறிய கூலியும் விடுமுறையும் சேமநிதியும் வழங்கப்பட்டன. சிறந்து விளங்கிய காலத்தில் அதன் தொழிலாளர் எண்ணிக்கை நாற்பதாயிரத்தை எட்டியது.

பின்னர் பீடிக்கான தேவை குறையத் தொடங்கியது. அப்பளம் உண்போர் பெருகியதுபோல் பீடி புகைப்போர் பெருகவில்லை. பெருக வேண்டும் என்று விரும்பவும் இயலாது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அச்சங்கம் தேங்காய்ப்பால், உணவுப் பண்டங்கள், குடை, ஆயத்த ஆடை முதலிய வேறு தொழில்களில் இறங்க வேண்டியதாயிற்று. பீடி சுற்றிப் பழகிய விரல்களுக்கு ஐம்பது வயதில் புதுத் தொழில் கற்பது எளிதன்று. ஆதலின் அத்தொழில்களால் முன்னைய எண்ணிக்கையில் வேலை அளிக்க இயலவில்லை. ஒப்பந்தக்காரரிடம் பணிபுரிந்த பீடித் தொழிலாளருக்கோ, தேவை குறைந்தபோது அத்தகைய மாற்று முயற்சியை மேற்கொள்ளவும் ஓர் அமைப்பு இருக்கவில்லை.