இலக்கணம் தெரியாதவர் யாருமில்லை!

முதலில் ஒரு சின்னச் சோதனை. ‘பின்’, ‘வேன்’ என்ற இரண்டு சொற்களோடும் ‘ஐ’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பின்னை எடு, வேனை நிறுத்து. முதல் சொல்லில் ‘ன்’ இரட்டித்தது, இரண்டாவதில் இரட்டிக்கவில்லை. ஏன்? சரி, பெல், வீல்? பெல்லை அடி, வீலைக் கழற்று. ‘வீல்லைக் கழற்று’ என்று நம் ஒர்க் ஷாப்பில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கிடையவே கிடையாது!

இதற்கு ஒரு விதி உண்டு. தனியாக நிற்கும் ஒரு குறில் எழுத்தை அடுத்து வரும் மெய், தனக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் இரட்டிக்கும். கண் – கண்ணை. நெடில் என்றால் இரட்டிக்காது. கால் – காலை. பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லி வைத்த விதி இது. 13-ஆம் நூற்றாண்டு நூல். அப்போது வேனும் இல்லை, வீலும் இல்லை. ஆனாலும் கடல் கடந்து வந்த இங்கிலீஷ் சொல்லைக்கூட நம் மூளை அந்தப் பழைய விதிக்குள் போட்டு, கண் இமைக்கும் நேரத்தில் சரியாக வெளியே தள்ளுகிறது. நன்னூல் என்ற பெயரையே கேள்விப்படாத மெக்கானிக் அண்ணனும் இதில் தப்பு விடுவதில்லை. அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்?

யாருமில்லை! அவரே கண்டுபிடித்துக் கொண்டார், அதுவும் பள்ளிக்கூடம் போகும் முன்பே. இந்த அதிசயத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

குழந்தை கிளிப்பிள்ளை அல்ல

குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லியே பேசக் கற்கிறது என்று நாம் நினைக்கிறோம். 1958-இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற பெண் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பறவை மாதிரி ஒரு படம் வரைந்து, 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் காட்டி, “இது ஒரு வக்” என்றார். ‘வக்’ என்று ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது, அவராக உண்டாக்கியது. பிறகு இரண்டு பறவை உள்ள படத்தைக் காட்டி, “இப்போ ரெண்டு இருக்கு. ரெண்டு...?” என்று நிறுத்தினார். பெரும்பாலான குழந்தைகள் சட்டென்று ‘வக்ஸ்’ என்றன.

இந்தச் சொல்லை அவை யாரிடமும் கேட்டிருக்க முடியாது அல்லவா? ஆக, மனதில் இருந்தது வெறும் மனப்பாடம் அல்ல, விதி.

இன்னொன்றும் பாருங்கள். ‘கோ’ என்பதன் இறந்தகாலம் ‘வென்ட்’. ஆனால் ஆங்கிலக் குழந்தைகள் ‘வாக் – வாக்டு’ மாதிரியே ‘கோ – கோடு’ என்று சொல்வதுண்டு. வீட்டில் பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தப்புதான். ஆனால் அது விதியைப் பிடித்துவிட்ட மூளை செய்கிற தப்பு!

காது முந்தும், நாக்கு பிந்தும்

1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கைக்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஹிந்தியில் ‘த’ வேறு, ‘ட’ வேறு. நம் பத்து, பட்டு போல. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் காதில் எளிதில் விழாது. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டிலுள்ள 6 முதல் 8 மாதக் குழந்தைகளுக்கு அது தெரிந்தது! 10 முதல் 12 மாதத்திற்குள் அந்தத் திறமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. தன் வீட்டு மொழிக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு, மற்றதைக் காது ஒதுக்கிவிடுகிறது. இத்தனையும் முதல் சொல்லைப் பேசப் பழகும் நேரத்திற்குள்!

அதாவது, புரிந்துகொள்வது முதலில், பேசுவது பிறகு. வகுப்பில் சார் ஆங்கிலத்தில் சொல்வது நமக்குப் புரிகிறது, ஆனால் வைவாவில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது மூளையின் குறையல்ல, மொழி வருகிற வரிசையே அதுதான்.

“அப்போ நமக்கு வயசு போச்சே?” என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்தக் கைக்குழந்தையின் காது திரும்பி வராது. லண்டன்காரர் மாதிரியே உச்சரிப்பது கஷ்டம். ஆனால் புதிய சொற்களைக் கற்பதும், நினைத்ததைப் புரியும்படி சொல்வதும் எந்த வயதிலும் முடியும். இன்டர்வியூவில் நமக்கு வேண்டியது அதுதானே?

தனிமரத்தில் மொழி காய்க்காது

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்று ஒரு சிறிய நாடு. அங்கே காது கேளாத குழந்தைகள் பெரும்பாலும் வீட்டோடு தனித்தனியாக இருந்தார்கள். வீட்டாரோடு ஏதோ சில சைகைகள், அவ்வளவுதான். 1977-இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளியில் சுமார் 50 பேர் சேர்க்கப்பட்டார்கள். 1980-இல் சற்றே பெரியவர்களுக்கு ஒரு தொழிற்பள்ளி வந்தது. 1983-க்குள் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்கச் சொன்னார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேச ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த சின்னக் குழந்தைகள் அதை எடுத்து, ஒழுங்கான இலக்கணம் உள்ள முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள்! 1986-இல் அங்கே சென்ற ஜூடி கெகல் என்ற மொழியியலாளரும், அவருக்குப் பின் வந்தவர்களும் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளைகளின் மூளை முன்பும் அதே மூளைதான். பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை என்பதுதான் குறை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாம் ஆண்டில் என் அறை நண்பன் செமினாரில் எழுந்து நின்று, “த டூல் கட்டெட் த ஜாப்” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதன்பின் இரண்டு வருடம் அவன் எந்த செமினாரிலும் வாய் திறக்கவில்லை. லேத்தில் அவன் கையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தான்.

‘கட்டெட்’ என்றால் என்ன? ‘கோடு’ என்று சொன்ன குழந்தை செய்த அதே வேலை! ‘கட்’ இறந்தகாலத்திலும் ‘கட்’தான் என்பது போகப் போகப் பழகியிருக்கும். விதி அவன் மனதில் ஏறிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா? வளர்ந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு சிரிப்பு நிறுத்திவிட்டது.

எனவே ஜூனியர் தம்பி தங்கைகளே! தினமும் நாலு பேர் சேர்ந்து பத்து நிமிடம், அன்றைக்கு ஒர்க் ஷாப்பில் செய்த ஜாப்பை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். தப்பு வரும், வரட்டும். கேட்பவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுங்கள், தயவு செய்து சிரிக்காதீர்கள். பின்னையும் வேனையும் பிரித்தறிந்த மூளைக்கு இது முடியாத காரியமே அல்ல!