அரையிருளில் வாழும் பறவைகள்

சிரஞ்சீவி முருகேசனுக்கு,

பள்ளிக்கரணைச் சதுப்பில் நீ எடுத்தனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். விடியலில் எடுத்தவை இருண்டும் கலங்கியும் போயின என்றும், வெயில் ஏறி வெளிச்சம் வாய்த்தபோது பறவைகளே கண்ணில் படவில்லை என்றும் வருந்தி எழுதியிருக்கிறாய். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கானாங்கோழியும் குருகும் சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில் வசிப்பது பிறர் கண்ணில் படாதிருக்கும் பொருட்டே. அவை ஓரத்துச் சேற்றுக்குத் துணிந்து வந்து இரை தேடுவது பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும்தான். ஆகையால் மங்கிய ஒளியை இடையூறாக எண்ணாமல், அப்பறவைகளின் வாசஸ்தலத்தில் ஓர் அங்கமாகவே பாவித்து, அதற்கேற்ப உன் காமிராவைப் பழக்குவதே உசிதம்.

காமிராவிலுள்ள ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரமான சாம்பல் நிறம் கொண்டது என்ற அனுமானத்தின் பேரிலேயே கணக்கிடுகிறது. வானத்தைப் பிரதிபலித்துப் பளபளக்கும் நீர்ப்பரப்பின் முன் ஒரு தாழைக்கோழி நிற்குமாயின், அம்மானி நீரின் பிரகாசத்தை அடக்க முற்பட்டுப் பறவையை வெறும் நிழலாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், வேண்டுமாயின் ஒன்றரை ஸ்டாப் கூட்டு. இருண்ட புதரின் முன் நிற்கும் வெண்கொக்குக்கோ அவ்வாறே குறைக்க வேண்டும்; இல்லையேல் இறகின் நுட்பமான வரிகள் யாவும் வெள்ளையில் கரைந்துவிடும். கானாங்கோழி இவ்விரு சங்கடங்களையும் ஒரே உடலில் சுமப்பது: முகமும் மார்பும் தூய வெண்மை, முதுகு கருஞ்சாம்பல். நேர் வெயிலில் இரண்டையும் ஒருங்கே காப்பது வெகு சிரமம். மேகம் மூடிய கார்த்திகைக் காலையில் அது சுலபமாகக் கைகூடும். மழைக்காலம் வந்ததென்று காமிராவைப் பெட்டியில் பூட்டிவைப்போரைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒளி குறைந்தபோது எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். ஐ.எஸ்.ஓ.வை 1600க்கோ 3200க்கோ உயர்த்தத் தயங்காதே. படம் ரவை தூவினாற்போல் பொரிந்திருப்பதைக் கண் மன்னிக்கும். பறவையின் விழி கலங்கியிருப்பதை மன்னிக்காது. அசையாமல் நிற்கும் குருகுக்கு, காமிராவுக்கு நல்ல தாங்கல் இருந்தால், 1/125 வினாடியே போதும். வாலைச் சொடுக்கிச் சொடுக்கி நடக்கும் கானாங்கோழிக்கு 1/500 வேண்டும். முன்னால் ஆடும் கோரைத் தாள்களில் ஃபோகஸ் சிக்கிக்கொள்ளாதிருக்க, ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்து அதன் கண்ணில் நிறுத்து.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். நீ பெருமையோடு தனியே வைத்தனுப்பிய படத்தில் மஞ்சள் குருகு கழுத்தை நீட்டி, அலகை வானை நோக்கி உயர்த்தி, தாள்களுக்குள் தானும் ஒரு தாளாக நிற்கிறது. அழகான படந்தான், ஆயினும் அது, ஆபத்தை உணர்ந்த குருகு தன்னை மறைத்துக்கொள்ள மேற்கொள்ளும் நிலை. அது உன்னைக் கண்டு அஞ்சியதற்கு உன் படமே சாட்சி. அச்சமற்ற குருகோ தாள்களை விரல்களால் பற்றிக்கொண்டு, தண்ணீர்மேல் குனிந்து, மீனுக்காகக் காத்திருக்கும். அந்தக் குருகு சற்று இருண்டே பதிவானாலும் எனக்கு அதுவே உயர்ந்த படம்.

பறவை அஞ்சாதிருக்க அதன் அருகிலேயே பழக வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் நார்ஃபோக் பிரதேசத்துச் சதுப்பு நிலத்தில் எம்மா டர்னர் என்ற அம்மையார், பல ஆண்டுகள் படகுவீட்டில் தங்கி அங்குள்ள பறவைகளோடு பழகினார். அந்நாட்டில் கூடு கட்டுவதையே விட்டுப்போயிருந்த பெருங்குருகு திரும்பி வந்து குஞ்சு பொரித்தது என்பதற்கு, 1911இல் அவர் எடுத்த குஞ்சின் படமே முதற்சான்றாயிற்று. இன்றைய காமிராக்களின் வேகம் அவருக்கு இல்லை. அருகிலேயே வாழ்ந்த பழக்கம் இருந்தது.

உனக்குப் படகுவீடு வேண்டியதில்லை. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை சதுப்பை ஊடறுத்துச் செல்கிறது. வாகனங்களுக்குப் பழகிவிட்ட பறவைகள், கதவு திறந்து மனிதன் இறங்கியதும்தான் மறைகின்றன. ஆகவே இருள் பிரியுமுன்பே அப்பாவின் காரைப் பத்திரமான ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, ஜன்னலில் மணல்பையை வைத்து, உள்ளேயே இரு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்காதே. கூட்டருகே தாள்களை ஒடிக்கவோ விலக்கவோ செய்யாதே; முட்டைகளை வெயிலிலிருந்தும் காக்கையிலிருந்தும் மறைப்பவை அவைதாம்.

அடுத்த படங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் மேகத்தையும் எக்ஸ்போஷரையும் குறித்தனுப்பு.

உன் அன்புள்ள மாமா