கிறிப் அறிக்கையை நாமே வாசிப்போம்

“அவருக்கு லோன் கிடைக்காது, கிறிப்பில் பேர் விழுந்துவிட்டது” என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. கிறிப் என்றால் கடன் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல. தவணை தவறாமல் செலுத்துபவரின் பெயரும் அங்கே இருக்கிறது.

கிறிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவானது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் வழங்கிய கடன், லீசிங், கடன் அட்டை பற்றிய விபரங்களை இதற்கு அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டால் அவரது அறிக்கையை எடுத்துப் பார்க்கின்றன. கடன் கொடுப்பதா, மறுப்பதா என்று தீர்மானிப்பது அந்த நிறுவனமே, கிறிப் அல்ல.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கூறும் ஸூறதுல் பகராவின் 282ஆம் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பது சரிதானா என்று பார்ப்பதும் நம் பொறுப்பே. உரிய கட்டணம் செலுத்தி, தேசிய அடையாள அட்டையைக் காட்டி, எவரும் தமது அறிக்கையைப் பெறலாம். அதில் மூன்று இடங்களைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

முதலாவது, சொந்தக் கடன்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிலுவைத் தொகை என்பன சரியா? அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுகிறதா?

இரண்டாவது, பிணை நின்ற கடன்கள். சாச்சாவின் மகன் முச்சக்கரவண்டி வாங்கும்போது ஓர் ஆசிரியை பிணையாகக் கையொப்பமிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அந்தக் கடன் அவரது அறிக்கையிலும் பதியும். அவன் தவணை கட்டாவிட்டால், பிறகு அவர் வீட்டுக் கடன் கேட்கும்போது அது தடையாக வரலாம். “சும்மா ஒரு கையொப்பம்தானே” என்பது சும்மா அல்ல.

மூன்றாவது, விசாரணைகள். எந்த நிறுவனம், எப்போது, எக்காரணத்துக்காக அறிக்கையைப் பார்த்தது என்ற விபரம் இங்கே இருக்கும். குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருந்தால், “இவருக்குப் பண நெருக்கடியோ?” என்று கடன் கொடுப்பவர் யோசிக்கக்கூடும். ஆகவே நிபந்தனைகளை முதலில் கேட்டறிந்து, பொருத்தமான இடத்தில் மட்டும் விண்ணப்பிப்பது நல்லது. நாம் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் காணப்பட்டால் உடனே காரணம் கேட்க வேண்டும். நமது அடையாள அட்டைப் பிரதியை வேறெவரும் பயன்படுத்தியிருக்கலாம். நமது அறிக்கையை நாமே பார்ப்பது கடன் கேட்பதாகாது. அதனால் அஞ்சத் தேவையில்லை.

பிழை இருந்தால், அந்த விபரத்தை அனுப்பிய வங்கிக்கோ கம்பனிக்கோ பற்றுச்சீட்டுகளுடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் பதிவு மாறும். “காசு தந்தால் கிறிப்பில் பெயரை அழித்துத் தருகிறோம்” என்போரை நம்பி ஏமாறக் கூடாது.

மாணவியரே, உங்கள் பெயரில் இன்னும் கடன் இல்லாதிருக்கலாம். ஆனால் வீட்டில் யாராவது கடன் பத்திரத்திலோ பிணைப் பத்திரத்திலோ கையொப்பமிடப் போனால், அதை முழுவதும் வாசித்துக்காட்ட உங்களால் முடியும். கடனை அடைத்து முடிக்கும் நாளில், அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துமாறு உம்மா வாப்பாவுக்கு நினைவூட்டுங்கள்.