வயல் வேலையும் உடல் நோவும்: வேலையிடத்தைச் சோதித்தறியும் முறை

விதைநெல்லின் முளைதிறனைச் சோதித்து, மண்ணின் பதமறிந்து, வாய்க்காலில் நீர்வரவு பார்த்து விதைப்பில் இறங்கும் கமக்காரர், அவ்வேலையைச் செய்யும் உடலுக்கு நேர்வதைச் சோதித்துப் பார்ப்பது அரிது. இடுப்பு நோவும் தோள் நோவும் முழங்கால் வலியும் வயதின் பயனென்றே கருதப்படுகின்றன. அவற்றுட் பல வேலை செய்யும் விதத்தினால் உண்டாவன; விதத்தை மாற்றினாற் குறையக்கூடியன. அறுவடை தொடங்கும் கிழமையில் முதுகு பிடித்துக்கொண்ட கூலியாளுக்கு அப்போகத்தின் வருமானமே போய்விடும். போடியாருக்கும் அவ்வேளை வேறு ஆள் கிடைப்பது எளிதன்று.

அரிசி ஆலைகள் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. திறந்த வயல் அச்சட்டத்துள் அடங்குவதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலிருந்து மேற்கே கல்லோயா நீர் பாயும் வட்டைகளுக்குச் சென்று வேளாண்மை செய்வோர், தம் வேலையிடத்தைத் தாமே பார்வையிட வேண்டியவராவர். இது இயலாத காரியமன்று. வியட்நாம் நாட்டின் கான் தோ மாகாணத்தில் 1990களில் நெற்செய்கைக் குடும்பங்கள், அச்சிட்ட ஒரு வினாத்தாளைக் கையிற்கொண்டு தம் வயல்களையும் வீடுகளையும் நடந்து பார்த்து, குறைந்த செலவில் திருத்தங்கள் செய்யப் பழகின. அம்முறை பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவிற்று. சர்வதேசத் தொழில் தாபனமும் 2012இல் விவசாய வேலைக்கென இத்தகைய கைந்நூலொன்றை வெளியிட்டது.

சோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். கமக்காரர், முல்லைக்காரர், கூலியாட்களில் இருவர் சேர்ந்து பார்த்தல் நன்று. களை பிடுங்கும் வேலையிற் பெண்கள் ஈடுபட்டிருந்தால் அவர்களில் ஒருவரும் கட்டாயம் சேரவேண்டும். ஒரே வேலையை இருமுறை பார்க்க வேண்டும்: சுபஹுத் தொழுகைக்குப் பின் வேலை தொடங்கும்போது ஒருமுறை, ளுஹருக்கு முன் களைப்படைந்த வேளையில் மற்றொருமுறை. காலையில் முழங்காலை மடித்துச் சாக்கைத் தூக்கியவர், நண்பகலில் இடுப்பை மாத்திரம் வளைத்துத் தூக்குவார். காயம் பெரும்பாலும் அந்த இரண்டாம் வேளையிலேயே நேர்கின்றது. தாளில் மனித உருவமொன்றை வரைந்து, நோகும் இடத்தில் ஒவ்வொருவரையும் புள்ளியிடச் சொல்லுக. கூலி கொடுப்பவர் அருகில் நின்றால் ஒருவரும் உள்ளதைச் சொல்லார். அவர் சற்று விலகி நிற்றல் நன்று.

அடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். நெல் வாங்க வரும் வியாபாரியின் தராசே இதற்குப் போதும். அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவி வெட்டும் சூடடிப்பும் பெரிதும் குறைந்தன. சாக்குச் சுமை குறையவில்லை. 1967இல் சர்வதேசத் தொழில் தாபனம் செய்த விதப்புரையின்படி, வளர்ந்த ஆணொருவர் கையாற் சுமக்கும் பாரம் 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. பெண்களுக்கும் இளைஞருக்கும் இதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். இறுக நிரப்பிய நெற்சாக்கு இவ்வளவைத் தாண்டுகின்றதா என்பதைத் தராசு காட்டும். சாக்கு 65 கிலோகிராம் நிறுக்குமாயின், 100 சாக்கு நெல் 6,500 கிலோகிராமாகும். அதனையே 45 கிலோகிராம் வீதம் கட்டினால் ஏறக்குறைய 145 சாக்குகள் வரும். தூக்கும் தடவை கூடினும் ஒவ்வொரு தடவையும் முதுகெலும்பின்மேல் விழும் பாரம் குறையும். ஆனால் கூலி சாக்குக் கணக்கில் இருந்தால் இம்மாற்றம் போடியாருக்கும் நாட்டாமைக்கும் இடையே வழக்காக முடியும். கூலியை நிறைக்கணக்கில் முன்னரே பேசிக்கொள்வதே தக்கது. இதைப் பேசாது சாக்கைச் சிறிதாக்கும் முயற்சி நிலைப்பது கடினம்.

தரையிலிருந்து மார்புக்கு மேலே பெட்டிக்கு ஏற்றுவதே மிகுந்த தீங்கு தருவது. பெட்டியை எத்தனை அடி தூரத்தில் நிறுத்தியுள்ளனர், அதன் தட்டு எவ்வளவு உயரம் என்பவற்றை அளந்து எழுதுக. வரம்போரம் மேட்டு நிலமிருப்பின் சாக்குகளை மேட்டில் வைத்து, பெட்டியைத் தாழ்விலே நிறுத்தலாம். அல்லாவிடின் உறுதியான சாய்பலகை இடலாம். இருவர் சேர்ந்து, ஒருவர் சொல்ல ஒரே வேளையில் தூக்குக. சாக்கை உடலோடு அணைத்துக்கொள்ளுதலும், திரும்பும்போது இடுப்பை முறுக்காது கால்களை மாற்றி வைத்தலும் அவசியமாகும்.

முதுகிற் சுமக்கும் தெளிகருவியையும் நிறுத்துப் பார்க்குக. 16 லீற்றர் நீர் 16 கிலோகிராம். வெறுங்கருவியின் நிறை இதற்குப் புறம்பு. ஏக்கருக்குப் பத்துத் தொட்டி தெளிப்பவர் அப்பாரத்துடன் சேற்றிற் பத்துமுறை நடக்கின்றார். அதனைத் தரையிலிருந்து தூக்கி முதுகிலேற்றும் கணமே அபாயமானது. வரம்பில் இடுப்புயரத்தில் மரத்தட்டொன்று அமைத்து, நிரப்பிய கருவியை அதில் வைத்து, முதுகைத் திருப்பி வாரை மாட்டிக்கொள்ளலாம். தட்டின் செலவு சில கம்புகளும் ஆணிகளுமே. வார் ஒடுங்கியதாயின் தோளை அறுக்கும். பழஞ்சாக்கை மடித்துத் தைத்து அகலமாக்குக. மூடியிலோ குழாயிலோ கசிவிருந்தால் மருந்து முதுகிற் படும். அது தீரும்வரை அக்கருவியை எடுத்தலாகாது. நோன்பு காலத்தில் இவ்வேலையை விடியற்பொழுதில் முடித்துவிடுதல் நன்று.

கரையோர மணலிற் கத்தரி, மிளகாய், கீரை முதலியன செய்வோருக்குக் குனிதலும் குந்தியிருத்தலுமே பெருநோவு. ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை குனிகின்றனர் என்று எண்ணுக. பூவாளி ஒரு கையிலே மட்டுமிருந்தால் உடல் சாயும். இரு கைகளுக்கும் சமமாகப் பிரித்தெடுத்தல் வேண்டும். கிணற்றடியிற் பாசி படிந்த வழுக்கலைச் சுரண்டி மணலிடுக. களை பிடுங்குவோருக்கு ஒரு சாண் உயரப் பலகை கொடுத்தால் முழங்காலின் பாரம் குறையும். மண்வெட்டிப் பிடி ஆளின் உயரத்துக்கேற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். நெடியவர் குறும்பிடியோடு நாள்முழுதும் வளைந்து நிற்பதைப் பலவிடத்தும் காணலாம். இருசில்லு உழவு இயந்திரம் ஓட்டுவோரின் விரல்கள் மரத்துப்போனால், பிடிகளின் இறப்பர் உறை தேய்ந்துள்ளதா என்று நோக்குக.

கண்ட குறைகள் யாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயலவேண்டியதில்லை. செலவில்லாத இரண்டைத் தெரிந்து அக்கிழமையே செய்து, இரு கிழமை கழிந்தபின் அதே ஆட்களைக்கொண்டு உருவத்தாளில் மீண்டும் புள்ளியிடச் செய்க. முதுகு நோவுடன் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன தோன்றின், எண்ணெய் பூசிக் காலங்கடத்தாது அன்றே ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.