வாவியைச் சுற்றலாமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். உடற்பயிற்சி உடலியல் நிபுணராக விருப்பம். கண்டியிலிருந்து வழி உண்டா?
– வாசகி, கம்பளை

பதில்: அந்தப் பெயரிலேயே வேலை விளம்பரம் வருமென்று காத்திருக்காதீர்கள், தங்கச்சி. பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பட்டம் இருக்கிறது. நோயாளர்களோடு வேலை செய்ய அதுவே நல்ல அத்திவாரம். விளையாட்டு வீரர்கள்தான் இலக்கென்றால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விஞ்ஞானம். அவுஸ்திரேலியாவில் உடற்பயிற்சி உடலியல், மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதி ஏற்ற தனித் தொழில். முதுமாணிக்கு அங்கே போகலாம், செலவுதான் கையைக் கடிக்கும்.

வேலை எப்படி? கண்டி வாவியைச் சுற்றினால் 3 கிலோமீற்றருக்கு மேல். மாரடைப்பு வந்தவர் அதை நடக்கலாமா? முதலில் 30 மீற்றர் நடைபாதையில் 6 நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தை அளப்பார்கள். பீட்டா புளொக்கர் மருந்து குடிப்பவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது; அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் 6 முதல் 20 வரையான போர்க் அளவுகோலில் தன் களைப்பை அவரையே சொல்லவைப்பார்கள். (நம் தாத்தாமார் மூச்சு வாங்கிக்கொண்டே "ஒன்றுமில்லை" என்பார்கள். முகத்தையும் பாருங்கள்.)

இப்போதைக்கு இரசாயனவியலையும் பௌதிகவியலையும் விட்டுவிடாதீர்கள். இசட் புள்ளிதான் பல்கலைக்கழக வாசலைத் திறக்கும். சிங்களமும் சரளமாகப் பேசப் பழகுங்கள்.