கட்டி, நகச்சுத்தி, சேற்றுப்புண்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கட்டி வந்தால் உடம்புச் சூடு, கால் வீங்கிச் சிவந்தால் ஏதோ பூச்சிக்கடி என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது இரண்டு கிருமிகளில் ஒன்றின் வேலை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே இடத்தில் நின்று சீழ் கட்டும். 1880-ல் கட்டிகளின் சீழில் இதை நுண்ணோக்கியால் கண்டவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் திரளாமல் பரவும். காலையே வீங்க வைக்கும் செல்லுலைட்டிஸுக்கு அதுதான் முக்கியக் காரணம். முதல் கிருமி ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு மூக்குக்குள்ளேயே இருக்கிறது. அதை உடம்பைவிட்டே விரட்டுவது கடினம். அது உள்ளே நுழையும் வெடிப்பைக் கவனிப்பது எளிது.

செய்ய வேண்டியவை

• கால்விரல் இடுக்கைத் தினமும் விரித்துப் பாருங்கள். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான் சேற்றுப்புண் முதலில் பிடிக்கும். ஈரத்தில் ஊறி வெளுத்த தோல், நடுவில் நூல் கனத்துக்கு ஒரு பிளவு, லேசான நாற்றம், இரவில் நமைச்சல். பூஞ்சை உண்டாக்கிய அந்தப் பிளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் போதும். முழங்கால் வரை வீங்கி வந்தவர், புண்ணே இல்லையே என்று சொல்லும்போது இந்த இடுக்கைப் பார்த்தால் விஷயம் பலமுறை விளங்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, தனித் துணியால் இடுக்குவரை ஈரம் ஒற்றி, பூஞ்சைக் களிம்பை மருத்துவர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் மறுபடி வரும். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள், தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் இதே வழியில் நுழையும் கிருமிகளால்தான். தினசரிக் கால் கழுவல் அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

• சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், தொட்டுப் பாருங்கள். பாடநூல் படங்களில் தெரியும் செக்கச்சிவப்பு கறுத்த தோலில் தெரியாது. புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் சூடு எதில் என்று தெரிந்துவிடும். தோல் இழுத்துப் பளபளக்கும், அழுத்தினால் வலிக்கும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அது செல்லுலைட்டிஸாக இருப்பது அரிது. வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

• வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, நேரத்தையும் எழுதுங்கள். மருந்து தொடங்கிய முதல் ஓரிரு நாளில் கோடு கொஞ்சம் தாண்டலாம். அதற்குப் பிறகும் தாண்டினால், அல்லது காய்ச்சல் ஏறினால், மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

• சீழ் திரண்டால் மருத்துவரிடம் கீறி எடுத்துக்கொள்ளுங்கள். சீழ்க்கட்டிக்குள் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. முதல் வைத்தியம் கத்திதான்.

• சொறி வந்த குழந்தைக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே இரவில் மருந்து பூசுங்கள். சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறிச் சிரங்காகும். அது ஆறிய சில வாரங்களில் குழந்தையின் முகம் காலையில் வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• பிதுக்காதீர்கள். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கொப்புளத்தில் கை வைக்கவே வேண்டாம். அங்குள்ள சிரைகள் மண்டையோட்டுக்குள் இருக்கும் சிரைகளோடு தொடர்புள்ளவை. அபாயம் அரிது, நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

• நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம், காயத்துக்குக் காப்பித்தூள், கட்டிக்கு டூத்பேஸ்ட் வேண்டாம். நகச்சுத்தியின் தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் விரலை நனைத்து வைத்தாலே பெரும்பாலும் அடங்கும். காப்பித்தூளைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மருத்துவரால் காயத்தையே பார்க்க முடிகிறது.

• மருந்துக்கடையில் “நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்க” என்று கேட்காதீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த குழாய் நம் கடைகளில் சர்வசாதாரணம். இரண்டு நாள் நமைச்சல் அடங்கும். பிறகு படர்தாமரை உருமாறி இடுப்பெல்லாம் பரவும். இப்படி விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆன்டிபயாடிக்கையும் நாலு மாத்திரையாகக் கிள்ளி வாங்காதீர்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-ல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பிரிட்டனில் 1961-லேயே தென்பட்டுவிட்டது.

• தாங்க முடியாத வலியை வலிமாத்திரையால் அமுக்கிவைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் புண் சிறியது, வலியோ துடிக்க வைக்கிறது என்றால், ஆழத்தில் தசையுறை அழுகிக்கொண்டிருக்கலாம். தோல் கறுத்தல், நீர்க்கொப்புளம், தொட்டால் நறநறப்பு எல்லாம் பின்னால் வரும் அடையாளங்கள். அவற்றுக்காகக் காத்திராமல், அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அதே மணிநேரத்தில் போக வேண்டும்.

• கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆறாத காயத்தோடு கடலிலோ கழிமுகத்திலோ இறங்க வேண்டாம். அங்குள்ள விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி அவர்கள் உடம்பில் மிக வேகமாகப் பரவும்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், 250 மில்லிகிராம் பென்சிலின் தினமும் இரண்டு வேளை ஓராண்டு சாப்பிட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கே செல்லுலைட்டிஸ் திரும்பியது. வெற்று மாத்திரைக்காரர்களில் 37. மாத்திரையை நிறுத்தியதும் பலன் கரைந்துவிட்டது. நாள்பட்ட கால் வீக்கம் உள்ளவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டும் காலுறையும் அணிந்தவர்களுக்கு 15 சதவீதமும், அணியாதவர்களுக்கு 40 சதவீதமும் திரும்பியது. அந்தக் காலுறையை நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள். காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று மருத்துவர் சோதித்துவிட்டுத்தான் அளவு சொல்வார்.