முதலில் தண்ணீரை அளந்துவிடுங்கள்

அன்புள்ள இளம் நெல் ஆய்வாளருக்கு,

வெள்ளத்தைத் தாங்கும் மரபணு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா வெள்ளத்தையும் தாங்கும் மரபணு என்று ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட வகை வெள்ளத்தில் செடி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டுமே இத்தகைய மரபணு தீர்மானிக்கிறது. ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே இதை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகத்தின் வலிமை ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996-இல் தெரிந்தது. அதற்குக் காரணமான சப்1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. மூழ்கிப்போன சாதாரணப் பயிர் காற்றைத் தேடி அவசரமாக நீள்கிறது. கையிருப்புச் சர்க்கரை தீர்ந்து, நீர் வடியும்போது துவண்டு விழுகிறது. சப்1ஏ உள்ள பயிரோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, இருப்பைச் செலவழிக்காமல், ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருந்து மறுபடி துளிர்க்கிறது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழ்நீர் நெல்லில் கண்ட ஸ்னார்கெல் மரபணுக்கள் இதற்கு நேர் எதிர்: நீர் ஏற ஏறத் தண்டை நீட்டி இலையை வெளியே வைக்கின்றன. இரண்டும் எத்திலீன் என்னும் தாவர ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் ஒரே மரபணுக் குடும்பம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பத்து நாளில் வடியும் வெள்ளத்தில் நீண்ட பயிர் சாகும். மாதக்கணக்கில் ஆழமாக நிற்கும் வெள்ளத்தில் அடங்கிய பயிர் சாகும்.

நாட்டு ரகத்தையே விதைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எஃப்.ஆர்.13ஏ வெள்ளத்தைத் தாங்கியது. ஆனால் விளைச்சல் குறைவு. உழவர்கள் விரும்பிய ஸ்வர்ணா ரகத்தின் குணம் கெடாமல் சப்1ஏ இருக்கும் அந்த ஒரு பகுதியை மட்டும், மூலக்கூறு குறியீட்டின் துணையுடன் பின்கலப்புச் செய்து சேர்த்த பிறகே, 2009-இல் ஸ்வர்ணா-சப்1 வயலுக்கு வந்தது. வெள்ளம் வராத ஆண்டில் விளைச்சல் குறையுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஒடிசா உழவர் வயல்களில் நடந்த சோதனை அதற்குப் பதில் தந்தது: வெள்ளமில்லாதபோது இழப்பில்லை, பத்து நாள் மூழ்கியபோது ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் விளைச்சல்.

மரபணுவைத் திருத்தும் கருவி கையில் இருக்க, பழைய விதைகளும் வயலும் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இதைத்தான் உங்கள் வயதினர் அதிகம் கேட்கிறார்கள். ஜப்பானிகா நெல்லில் சப்1ஏ அறவே இல்லை. இல்லாததைத் திருத்த முடியாது. அது எங்கோ ஒரு பள்ளக்காட்டு விதையில் காக்கப்பட்டதால்தான் நமக்குக் கிடைத்தது. கருவி எவ்வளவு கூர்மையானாலும், எந்தக் குணம் வேண்டும் என்பதை அது சொல்லாது. காவிரி டெல்டாவுக்கு வந்த சி.ஆர்.1009 சப்1 ரகம் திடீரென மூழ்கடித்து வடியும் நீரைச் சமாளிக்கும். வாரக்கணக்கில் அரையளவு தேங்கும் நீருக்கு அது மருந்தல்ல. நேரடி விதைப்பில் சேற்றுநீருக்கு அடியில் முளைக்க வேண்டுமானால், அதற்கு வேண்டியது வேறொரு மரபணு.

வெள்ளத்துக்கு ஆளாகும் தாழ்ந்த நிலங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூடுதலாக இருக்கிறார்கள் என்பதும் அந்த ஒடிசா ஆய்வில் வெளிப்பட்டது. தவறான வெள்ளத்துக்குச் சரியான மரபணுவைக் கொடுத்தால் நட்டம் அவர்களுக்குத்தான். எனவே உங்கள் முதல் மழைப் பருவத்தை வயலில் கழியுங்கள். தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எவ்வளவு உயரம், பயிர் அப்போது எந்தப் பருவத்தில் இருந்தது என்று அளந்து எழுதிவையுங்கள். மரபணுவை அதன்பின் தேடலாம்.